பதினேழாவது கோரிக்கை

முப்பத்தொரு கட்டடங்கள், நாற்பத்து நான்கு லிஃப்டுகள். அத்தனைக்கும் அவர் ஒருவர்தான். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "லிஃப்ட்காரர் வந்தாச்சா?" என்பார்கள், அவ்வளவுதான். அவருக்கும் அதில் குறை இல்லை. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அவர் குரலைக் கேட்டதும் விடுகிற பெருமூச்சு இருக்கிறதே, அதற்கு முன்னால் பெயர் எந்த மூலைக்கு?

அவர் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சந்தேகம் வரும். லிஃப்டுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை மேலும் கீழும் போய்வருவார். தூங்குகிறார் என்று ஒருத்தர் குடியிருப்போர் சங்கத்தில் புகார்கூடக் கொடுத்திருக்கிறார். உண்மையில் அவர் பாதங்களால் கேட்டுக்கொண்டிருப்பார். எந்த மாடியில் உலுக்குகிறது, எங்கே ஒரு விரற்கடை கீழே நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கு உள்ளங்காலில் எழுதி வைத்தமாதிரி தெரிந்துவிடும். பிறகு மோட்டார் அறைக்குப் போய் ஏதோ ஒன்றை அரைச் சுற்று திருப்புவார்.

"வேகமாப் போறதுல யாருக்கும் தலை சுத்தாதுங்க. இந்த ஆட்டம் இருக்கு பாருங்க, அதுலதான் சுத்தும்" என்பார், யாரும் கேட்காவிட்டாலும்.

இது அவருடைய ஒரு பாதி. இன்னொரு பாதி கட்டடக்காரர்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சிரித்திருப்பார்கள். நாற்பத்தெட்டு வயது மனிதர், காதோரம் நரை தட்டியவர், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு டிவிக்கு முன்னால் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வீடியோ கேம் விளையாடுவார். அதுவும் கண்டதை எல்லாம் இல்லை. 'கல்வாசல்' ஒன்றே ஒன்றுதான்.

கல்வாசல் என்பது ஒரு சாகச விளையாட்டுத் தொடர். வரைபடம் வரைகிற ஒரு பெண், காட்டுக்குள்ளும் கடலுக்கடியிலும் புதைந்துபோன நகரங்களைத் தேடிப் போவாள். ஓடுவாள், தாவுவாள், கயிற்றில் தொங்குவாள். ஒவ்வொரு நகரத்தின் நடுவிலும் ஒரு கல்வாசல். அதைத் திறக்க ஒரு புதிரை அவிழ்க்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் எட்டுப் பாகங்கள் வந்துவிட்டன. முதல் பாகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது மச்சினன். அவன் வேலைக்கு வெளிநாடு போகும்போது, "அத்தான், இதை வித்துடாதீங்க, வந்து கேப்பேன்" என்று விளையாட்டுக் கருவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனான். இன்றுவரை கேட்கவில்லை.

அப்போது கல்யாணமாகி ஐந்து மாதம். லிஃப்ட்காரருக்குக் கை வேகம் உண்டு. ஓட்டம், தாவல் எல்லாம் இரண்டே நாளில் பழகிவிட்டது. ஆனால் முதல் கல்வாசலில் ஒன்பது சக்கரங்கள். எதைத் திருப்பினாலும் வேறொன்று கலைந்தது. நாலு நாள் முட்டி மோதினார். ஐந்தாம் நாள் பின்னாலிருந்து மனைவி, "அந்த மூணாவதை முதல்ல திருப்புங்க" என்றாள். திருப்பினார். "இப்ப ஏழாவது." வாசல் திறந்துகொண்டது. அவர் வாயும்தான்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே வருஷா வருஷம் டைம்டேபிள் போடுவது அவள்தான். முப்பத்தாறு ஆசிரியர்கள், இருபத்தெட்டு வகுப்புகள், ஒரே ஒரு ஆய்வகம், ஒரே ஒரு மைதானம். கணக்கு ஆசிரியருக்குக் காலையில்தான் குரல் எழும்பும். ஓவிய ஆசிரியர் வாரத்தில் மூன்று நாள்தான் வருவார். இரண்டு அறிவியல் ஆசிரியைகள் ஒரே இடைவேளையில் சந்தித்துக்கொண்டால் அன்று பள்ளிக்கூடம் இரண்டு படும். இத்தனையும் கட்டம் போட்ட ஒரே தாளில் அடக்கிவிடுவாள். அவளுக்கு ஒன்பது சக்கரம் எம்மாத்திரம்?

அன்றிலிருந்து வேலை பிரிந்தது. கை அவருடையது, மூளை அவளுடையது. சோபாவின் இடது ஓரம் அவள் இடம். மடியில் கட்டம் போட்ட நோட்டு, காதில் செருகிய பென்சில். "ஓடாதீங்க, கொஞ்சம் நில்லுங்க, அந்தச் சுவத்துல என்னமோ இருக்கு" என்பாள். அவர் நிற்பார். மகள் பிறந்தபிறகு, தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே மனைவி மூன்றாம் பாகத்தின் மணிக்கூண்டுப் புதிரை அவிழ்த்தாள். ஐந்து பாகங்கள் இப்படி முடிந்தன. வீட்டுச் சண்டைகளில் பாதி அந்த சோபாவில்தான் சமாதானம் ஆகியிருக்கிறது.

ஆறாம் பாகம் வந்தது. அதைச் செய்தவர்களுக்கு என்ன தோன்றியதோ, அதுவரை எட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கேமராவை அந்த வரைபடக்காரியின் தோளுக்குப் பின்னால் ஒட்ட வைத்துவிட்டார்கள். அவள் ஓடினால் திரையே குலுங்கும். மூச்சு வாங்கினால்கூட ஆடும். "நிஜமா நாமே ஓடறமாதிரி இருக்கு!" என்று உலகமே மெச்சியது. அரைமணி நேரத்தில் மனைவி எழுந்து குளியலறைக்கு ஓடினாள். வாந்தி. மறுவாரமும் அதே கதை. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துப் பார்த்தாள், தள்ளி உட்கார்ந்து பார்த்தாள், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். நாலாவது வாரம், "நீங்க விளையாடுங்க, எனக்கு உள்ள வேலை இருக்கு" என்று நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறை மேஜைக்குப் போய்விட்டாள்.

நாற்பத்து நான்கு லிஃப்டுகளின் ஆட்டத்தை நிறுத்தத் தெரிந்தவருக்கு வீட்டுக்குள் ஆடுகிற ஒரு திரையை நிறுத்தத் தெரியவில்லை.

ஆனால் புதிர்கள் காத்திருக்குமா? ஒரு வழி கண்டுபிடித்தார். கல்வாசல் வந்ததும் விளையாட்டை நிறுத்தி, திரையைப் போனில் படம் பிடித்து, சமையலறைக்கு எடுத்துப் போவார். அசையாத படத்தால் அவளுக்குத் தொந்தரவில்லை. அவள் பார்த்து, ஒரு துண்டுக் காகிதத்தில் விடையை எழுதிக் கொடுப்பாள். "இந்தாங்க." "சரி." மறுபடி கூடத்துக்கு வருவார். ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று பாகங்கள், ஒன்பது வருஷம், இப்படித் துண்டுக் காகிதத்திலேயே ஓடியது. மகள் வீட்டில் இருந்தவரை பேச்சுக்குப் பஞ்சமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் படிக்க விடுதிக்குப் போனபிறகுதான், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அந்த வீட்டில் பேசப்படும் மொத்த வார்த்தைகள் "இந்தாங்க", "சரி" என்ற இரண்டுதான் என்பது அவருக்கு உறைத்தது. சோபாவின் இடது ஓரம் இப்போது துவைத்த துணிகளை மடித்து வைக்கிற இடம்.

இங்கே ஒரு சின்னத் திருட்டுத்தனத்தையும் சொல்லியாக வேண்டும். கல்வாசல் ரசிகர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. ஆறாம் பாகம் வந்த புதிதில், யாராலும் திறக்க முடியாத ஒரு வாசலின் விடையை அவர் அங்கே போட்டார். "அண்ணா, நீங்க புதிர்ப்புலி!" என்று ஒருவன் எழுதினான். நான் இல்லையப்பா, என் வீட்டுக்காரி என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டார். நாளைக்குள் நாற்பது பேர் புலி என்றார்கள். ஏழாம் பாகம் வருவதற்குள் நாலாயிரம் பேர். வெறும் லிஃப்ட்காரராக இருப்பவருக்கு வாரம் ஒருமுறை புலியாக இருப்பது இனிக்கத்தானே செய்யும்? மனிதர் மீசையைக்கூடக் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டு, அந்தப் படத்தைக் குழுவிலும் போட்டார்.

அடுத்த பாகத்துக்கு முன்னால், விளையாட்டைச் செய்கிறவர்கள் ரசிகர் குழுவிடம் பன்னிரண்டு கோரிக்கைகள் கேட்பது வழக்கம். எதை மாற்ற வேண்டும், எதைச் சரிசெய்ய வேண்டும் என்று. அதைத் திரட்டுவது ஒரு பல் டாக்டர். நோயாளிக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அது ஏறுகிற ஐந்து நிமிஷத்தில் குழுவில் பஞ்சாயத்து பண்ணுவார். யார் வேண்டுமானாலும் கோரிக்கை வைக்கலாம். அதிக ஓட்டு வாங்கிய பன்னிரண்டு மட்டும் போகும்.

ஒன்பதாம் பாகத்துக்கு நாற்பத்து மூன்று கோரிக்கைகள் வந்து குவிந்தன. குழு ரணகளமானது. நீச்சல் ரொம்ப மெதுவாக இருக்கிறது, தண்ணீரில் இறங்கினால் தூக்கம் வருகிறது என்றார்கள். எட்டுப் பாகமாக ஒரே வில்லன், சாகிறான், அடுத்த பாகத்தில் எழுந்து வருகிறான், அவனுக்கு ஓய்வு கொடுங்கள் என்றார்கள். வழியெல்லாம் கிடக்கிற இருநூறு உடைந்த பானைகளைப் பொறுக்கச் சொல்லாதீர்கள் என்று ஒருவர். பானைதான் அழகே, இன்னும் நூறு போடுங்கள் என்று இன்னொருவர், இருவருக்கும் மூன்று நாள் சண்டை. ஏழாம் பாகத்திலிருந்து கூடவே வருகிற ஒரு பேராசிரியர் பாத்திரம் உண்டு. புதிருக்கு முன்னால் போய் நின்ற பத்தாவது வினாடி, "அந்த நீலக் கல்லை அழுத்திப் பாரேன்" என்று விடையை உளறிவிடுவார். அவரை ஏதாவது ஒரு கிணற்றில் தள்ளிவிடும்படி ஒரு கோரிக்கை. அது ஒன்பதாவது எண்.

பதினேழாவது கோரிக்கை நம்மவருடையது. மூன்று நாள் யோசித்து எழுதினார்: "கேமராவின் கிடைமட்ட, செங்குத்து அலைவுகளை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் கட்டுப்படுத்த வசதி தேவை." பராமரிப்பு அறிக்கை எழுதி எழுதி வந்த பழக்கம். யாருக்காக, எதற்காக என்று ஒரு வார்த்தை இல்லை. புலிக்கு எதற்குத் தலைசுற்றல் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். இரண்டு வாரத்தில் விழுந்த ஓட்டு நான்கு. அதில் ஒன்று அவருடையது, ஒன்று மரியாதைக்குப் பல் டாக்டர் போட்டது. "ஆட்டம் போனா உயிரே போயிடும் அண்ணா" என்று ஒருவன் கீழே எழுதியிருந்தான். முடிவு நாளுக்கு ஐந்து நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி எடுத்தாள்.

"வணக்கம், புலி இருக்காரா?" என்றார் பல் டாக்டர்.

"எந்தப் புலிங்க?"

"புதிர்ப்புலிதாங்க. கல்வாசல் புதிரெல்லாம் அவிழ்ப்பாரே. நீங்க வீட்டம்மாவா? குடுத்து வச்சவங்க நீங்க. என்னா மூளைங்க அது!"

"அப்படியா?" என்றாள் அவள். டைம்டேபிள் போடும்போது எந்த ஆசிரியர் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடிக்கிற அதே குரல். "என்ன விஷயம், சொல்லுங்க, சொல்லிடறேன்."

"அவர் பதினேழாவதா ஒண்ணு கேட்டிருக்காரு. கேமரா ஆடக்கூடாதுன்னு. யாருக்கும் எதுக்குன்னே புரியல. நாலு ஓட்டுதான். அதை எடுத்துட்டு வேற நல்லதா ஒண்ணு வச்சா ஜனங்க போடுவாங்க. புலி கேட்டா வேண்டாம்பாங்களா? அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."

லிஃப்ட்காரர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது மனைவி போனை மேஜையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"வாங்க புலி" என்றாள்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. துண்டு தோளிலிருந்து நழுவியதைக்கூட எடுக்கத் தோன்றவில்லை. "அது வந்து... சும்மா ஒரு பையன் ஆரம்பிச்சு வச்சது..." என்று அசடு வழிந்தார்.

"அதை விடுங்க. விடை நான் போட்டேன், பட்டம் நீங்க வாங்கினீங்க. போகட்டும், எனக்குப் புலியாகணும்னு ஆசை இல்ல." அவள் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். "கேமரா ஆடக்கூடாதுன்னு எனக்காகத்தானே கேட்டிருக்கீங்க?"

"ஆமா."

"எனக்காகக் கேக்கறப்பக்கூட என்னைச் சொல்லாம எப்படிங்க கேக்க முடிஞ்சது?"

அவர் கீழே கிடந்த துண்டைக் குனிந்து எடுத்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். தேர்வு நேரம், சனிக்கிழமையும் வேலை உண்டு. அவர் வெகுநேரம் சோபாவில் உட்கார்ந்திருந்தார், வலது ஓரத்தில். பக்கத்தில் மடித்த துணிகள். அவருக்கு வெட்கமாக இருந்தது. குழுவில் மானம் போகுமே என்ற வெட்கம் இல்லை அது. ஒன்பது வருஷமாக சமையலறைக்கு நடந்து நடந்து போனவர், ஒரு தடவைகூட அங்கே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அன்று ஒரு பதினொரு மாடிக் கட்டடத்தில் வேலை. மோட்டார் அறையில், கயிறுகள் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில், எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு, கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்து குழுவுக்கு எழுதினார்.

"நண்பர்களே, ஓர் உண்மை. நான் புதிர்ப்புலி இல்லை. எட்டுப் பாகத்திலும் ஒரு வாசலைக்கூட நான் திறந்ததில்லை. எல்லாவற்றையும் திறந்தது என் மனைவி. முதல் ஐந்து பாகங்களை என் பக்கத்தில் உட்கார்ந்து திறந்தாள். ஆறாம் பாகத்தில் கேமரா ஆட ஆரம்பித்ததும் அவளுக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. ஒன்பது வருஷமாக அவள் சமையலறையில் உட்கார்ந்து, நான் எடுத்துப் போகும் போட்டோவைப் பார்த்துத்தான் உங்களுக்கெல்லாம் விடை தந்திருக்கிறாள். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஆட்டம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் ஆட்டத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. வேண்டாதவர்கள் நிறுத்திக்கொள்ள ஒரு பொத்தான் வையுங்கள் என்கிறேன். அவள் மறுபடி சோபாவுக்கு வர வேண்டும். பதினேழாவது கோரிக்கை அதுதான். ஏமாற்றியதற்கு மன்னியுங்கள்."

அனுப்பிவிட்டு போனைப் பெட்டிக்குள் ஸ்பேனர்களுக்கு அடியில் போட்டு மூடினார். வேலை முடிகிறவரை அது உள்ளே கிடந்து உறுமிக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் நின்றுதான் பார்த்தார். திட்டு விழுந்திருந்தது, இல்லாமல் எப்படி? "இத்தனை நாள் எங்களை முட்டாளாக்கினீங்களே" என்று சிலர். மீசையைக் கேலி செய்து ஒரு படம்கூட. ஆனால் அதற்குக் கீழே வேறுமாதிரி வர ஆரம்பித்திருந்தது. 'எங்க அப்பாவும் ஆறாம் பாகத்தோட நிறுத்திட்டாரு, வயசாயிடுச்சு, ஆர்வம் போயிடுச்சுன்னு நினைச்சேன். இப்பத்தான் கேட்டேன். தலைசுத்தலாம், சொல்ல வெக்கமாம்.' 'என் தங்கச்சிக்கும் இதேதான்.' 'நானே மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் விளையாடறேன், யார்கிட்டயும் சொன்னதில்ல.' ஆட்டம் போனால் உயிரே போய்விடும் என்ற அதே ஆள், 'பொத்தான்தானே, வச்சுட்டுப் போகட்டும்' என்று ஓட்டுப் போட்டிருந்தான். எல்லாவற்றுக்கும் மேலே பல் டாக்டர்: 'அக்காவை ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க. வாயைத் திறக்கச் சொல்ற வேலை எனக்குப் பழக்கம்தான்.'

அவர் போனை அப்படியே மனைவியிடம் நீட்டினார். அவள் நின்றபடியே முதலில் அவர் எழுதியதைப் படித்தாள், பிறகு ஒவ்வொன்றாக மற்றதையெல்லாம். அவர் இந்த முறை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்து காத்திருந்தார். நெடுநேரம் கழித்து அவளும் எதிரில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே டைப் செய்தாள்:

"வணக்கம். கேமரா ஆடாமல் இருந்தால் நான் வருவேன். ஆனால் அந்தப் பேராசிரியர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். போட்டோவில்கூட அவர் வசனம் சேர்ந்து வந்துவிடுகிறது. அவர் உளறாமல் இருந்திருந்தால் ஏழாம் பாகத்தில் பாதி வாசல்கள் அழகாக இருந்திருக்கும். யோசிக்க நேரம் கொடுக்காத விளையாட்டு எதற்கு?"

குழு கொண்டாடித் தீர்த்தது. புதன்கிழமை ஓட்டு முடிந்தபோது பேராசிரியரின் வாய் முதலிடத்தில் இருந்தது, பதினேழாவது கோரிக்கை நான்காவது இடத்தில். பானைக்காரர்கள் இருவரும் ஒருசேரத் தோற்றார்கள். அவள் எல்லோருக்கும் அக்கா ஆனாள். அப்படியானால் இவர்? புலிப் பட்டம் பறிபோன கையோடு நாலாயிரம் பேருக்கு மாமா ஆகிவிட்டார். "மாமா, அக்காகிட்ட இதைக் கேட்டுச் சொல்லுங்க" என்று இப்போதெல்லாம் தபால்காரர் உத்தியோகம்தான். மனிதர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. மீசை மட்டும் பழைய அளவுக்கு வந்தது.

ஒன்பதாம் பாகம் வர பதினான்கு மாதம் ஆனது. கேட்ட பன்னிரண்டில் ஐந்துதான் நடந்திருந்தது. வில்லன் இன்னும் சாகவில்லை. நீச்சல் கொஞ்சம் வேகம். முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு லிஃப்ட்காரர் சோபாவின் இடது ஓரத்துத் துணிகளை அலமாரிக்கு மாற்றினார். மனைவி வந்தாள், நோட்டோடு, காதில் பென்சிலோடு. கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் இருந்தது.

"வாளி எதுக்கு?"

"நம்பிக்கை வேற, முன்னெச்சரிக்கை வேற" என்று அதைக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

அமைப்புகள் பக்கத்தில், 'கேமரா அசைவு' என்று ஒரு வரி. முழுவதும், பாதி, இல்லை. அவர் 'இல்லை'யை அழுத்தினார். இன்னும் ஒரு வரி, 'கேமரா தொலைவு'. எட்டத்தில் வைத்தார், பழைய பாகங்களில் இருந்த மாதிரியே. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"ஓடறேன்" என்றார்.

"ஓடுங்க."

வரைபடக்காரி ஒரு பாறைச் சரிவில் ஓடினாள். தாவினாள். கயிற்றில் தொங்கி ஒரு பள்ளத்தைக் கடந்தாள். திரை ஆடவில்லை. வாழ்க்கையில் அவர் இவ்வளவு மெதுவாக எந்த லிஃப்டையும் இறக்கியதில்லை. அத்தனை பதனமாக ஓட்டினார். அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொன்றையும். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். அவர் திரையைப் பார்ப்பதும் அவள் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். வரைபடக்காரி ஒருமுறை மதிலில் முட்டி விழுந்தாள்.

"என் மூஞ்சியில என்ன இருக்கு? அங்க பாத்து ஓட்டுங்க" என்றாள் அவள். காலால் வாளியை சோபாவுக்கு அடியில் தள்ளினாள்.

முக்கால் மணி நேரத்தில் முதல் கல்வாசல் வந்தது. பன்னிரண்டு கற்பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பறவை. பேராசிரியர் பக்கத்தில் வந்து நின்றார், தாடியைத் தடவினார், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்துக்காகவே பல் டாக்டருக்கு ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது.

லிஃப்ட்காரர் விளையாட்டை நிறுத்தினார். ஒன்பது வருஷப் பழக்கம். கை தானாகப் போனை எடுத்தது. திரைக்கு நேராகப் பிடித்து, பன்னிரண்டு பலகைகளும் உள்ளே வருகிற மாதிரி சரிபார்த்து, படம் எடுத்துவிட்டு, சமையலறைக்குப் போக எழுந்தும்விட்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி, நோட்டில் கட்டம் போட்டபடியே. "நான் இங்கதானே உக்காந்திருக்கேன்."